ஆயிரத்தெட்டுக் காய்கறியும் அன்றாடத் தட்டும்

வசிஷ்டரின் ஆசிரமத்திற்கு விசுவாமித்திரர் விருந்துண்ண வந்த கதையை வீட்டுப் பெரியோர் சொல்லப் பலரும் கேட்டிருப்போம். ஆயிரத்தெட்டு வகைக் காய்கறிகளுடன் விருந்து படைத்தால்தான் உண்பேன் என்றாராம் விசுவாமித்திரர். அருந்ததி தேவி அதற்கு இசைந்தாள். அவர் இலையில் அமர்ந்தபோது பாகற்காய், பிரண்டை, பலாக்காய் இவற்றோடு இன்னும் எட்டுக் கறிவகைகளே இருந்தன. முனிவர் வினவியதும், பாகற்காய் நூறு காய்களுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம், மற்றவை எட்டு, ஆக ஆயிரத்தெட்டு என்று கணக்கு ஒப்புவிக்கப்பட்டது. முனிவரும் மகிழ்ந்து உண்டார் என்பர். கதை இடத்திற்கு இடம் சிறிது மாறும், கணக்கு மாறாது. இன்றும் பல இல்லங்களில் சிராத்த தினத்தன்று இம்மூன்றும் இடம்பெறுவதற்கு இக்கதையைக் காரணமாகக் கூறுகின்றனர்.

அருந்ததியின் சமயோசிதத்தை மெச்சுவோம். ஆனால் உடல் என்னும் விருந்தாளி விசுவாமித்திரரைக் காட்டிலும் கண்டிப்பானவர். பாகற்காயை நூறு காய்களாக அவர் ஏற்பதில்லை. பாகற்காயில் உள்ளதைப் பாகற்காயிலிருந்தும், கீரையில் உள்ளதைக் கீரையிலிருந்தும், கொய்யாவில் உள்ளதைக் கொய்யாவிலிருந்துமே அவர் பெற்றுக்கொள்வார். ஒன்று மிகுந்ததால் மற்றொன்றின் குறை தீராது. காய்கனிகளைப் பலவாக உண்ண வேண்டும் என்று சொல்வதன் பொருள் இதுவே. இக்கட்டுரையில் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நிறைந்த வயிறும் நீங்காத பசியும்

வயிறு நிறைய உண்டும் உடல் பசித்திருக்கும் நிலை ஒன்று உண்டு. சோறும் எண்ணெயும் சர்க்கரையும் உழைப்பதற்கான ஆற்றலைத் தருகின்றன, பசி அடங்குகிறது. ஆனால் இரும்புச்சத்து, போலிக் அமிலம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி முதலானவை மிகச் சிறிய அளவில் தேவைப்படுபவை. அவை குறைந்தால் வயிறு கூக்குரலிடுவதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஈறில் இரத்தம் கசியும். பிள்ளை பாடத்தில் கவனம் இழக்கும். இவற்றைப் பசி என்று நாம் அறிவதில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதிற்கு உட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேர். இதற்கு வறுமை, குடற்புழு, நோய்த்தொற்று எனக் காரணங்கள் பல. எனினும் தட்டில் சோறு மட்டும் குவிந்து, கீரையும் காயும் கனியும் ஓரத்தில் ஒதுங்கியதும் அவற்றுள் ஒன்றாகும்.

இவ்வுண்மையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று நம் நீலகிரியிலேயே உள்ளது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ஆம் ஆண்டு ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தோரை வாட்டிய நோய் அது. அச்சிறு ஆய்வகமே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்திற்கு இடம்பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

மக்காரிசன் செய்த சோதனை ஒன்று இன்றும் சிந்திக்கத்தக்கது. பாரதத்தின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவ்வாறே சமைத்து, எலிகளுக்குத் தனித்தனிக் கூட்டமாக ஊட்டி வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, கனி எனப் பஞ்சாபின் சீக்கியர் உண்ணும் உணவைப் பெற்ற எலிகள் செழித்து வளர்ந்தன. பட்டாணியர், மராட்டியர் உணவு பெற்றவை அடுத்த நிலையில் நின்றன. கன்னட நாட்டு உணவு பெற்றவை அதற்கும் கீழே. கடைசி இடம் சென்னை மாகாணத்து உணவிற்கு! தீட்டிய அரிசி மிகுதி, காய்கறியும் பாலும் குறைவு என்பதே அதன் இலக்கணம். எலி மனிதன் அல்லன். அன்றைய ஏழைத் தமிழனின் உணவே தமிழர் உணவு முழுவதும் என்று கொள்ளவும் இயலாது. ஆயினும் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் தட்டைப் பார்த்தால், சோற்றுக் குன்றும் அதன் அடிவாரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் என்னும் காட்சி பெரிதும் மாறவில்லை என்றே தோன்றுகிறது.

அதே காலத்தில் லூசி வில்ஸ் என்னும் பெண் மருத்துவர் பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களைத் தாக்கிய கொடிய இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் ஆய்வகத்திலும் அவர் சிறிது காலம் பணியாற்றினார். இரும்புச்சத்து கொடுத்தும் தீராத அச்சோகை, ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தீர்ந்தது. அதிலிருந்த பொருள் என்னவென்று அப்போது தெரியவில்லை. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக்கீரை வகையொன்றின் இலைகளிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். இலை என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று அதற்குப் பெயரிட்டனர். கருவுறுவதற்கு முன்பிருந்தே தாயின் உடலில் இது போதிய அளவு இருந்தால், சிசுவின் முதுகுத்தண்டு சரிவர மூடாமற்போகும் குறைபாட்டைப் பெருமளவு தடுக்கலாம் என்பது 1991-இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. கீரை பிடிக்காது என்று ஒதுக்கும் இளம்பெண்கள் இதனை அறிந்திருத்தல் நலம். கருவுற எண்ணுவோர் கீரையோடு மருத்துவர் தரும் மாத்திரையையும் தவறாது உட்கொள்ள வேண்டும்.

பெங்களூரு என்னும் தோட்டம்

காய்கனிகளின் பன்மையைக் கண்முன் காண விரும்புவோருக்குப் பெங்களூருவைப் போன்ற பாடசாலை அரிது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்திற்குப் பல நாட்டுச் செடிகளும் மரங்களும் வந்து சேர்ந்தன. 1874-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் கேமரன், பயன் தரும் அயல்நாட்டுப் பயிர்களை இங்கே வளர்த்துப் பரப்புவதில் ஊக்கம் காட்டினார். மெக்சிகோ நாட்டுப் பக்கத்தைத் தாயகமாகக் கொண்ட சௌசௌக்காய் அவ்வாறு வந்ததே என்பர். தமிழ்நாட்டுச் சந்தைகளில் அதனைப் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்று அழைக்கிறோம். கன்னடத்தில் அதன் பெயர் ‘சீமெ பதனெகாயி’, அதாவது சீமைக் கத்தரிக்காய். தமிழருக்கு அது பெங்களூருவிலிருந்து வந்தது. பெங்களூருவினருக்கோ சீமையிலிருந்து வந்தது. நாம் தொன்றுதொட்டு உண்பதாக எண்ணும் பச்சைமிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி யாவும் கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. நம் முன்னோர் நல்லதைக் கண்டபோது கதவைத் திறந்தனர். ஆயினும் வீட்டிலிருந்த பாகற்காயையும் பிரண்டையையும் வெளியே தள்ளவில்லை. நாமோ காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு ஆகியவற்றை உள்ளே அழைத்து, சுண்டைக்காய்க்கும் அத்திக்காய்க்கும் விடை கொடுத்துவிட்டோம்.

1959-இல் டாக்டர் மரிகௌடாவின் முயற்சியால் பெங்களூருவில் திராட்சை விவசாயிகளுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் எல்லாக் காய்கனிகளையும் விற்கும் ‘ஹாப்காம்ஸ்’ ஆக அது வளர்ந்தது. நகரெங்கும் அதன் சிறு கடைகள் மக்களுக்குப் பழக்கமானவை. ஹேசரகட்டாவில் 1967-இல் அமைந்த இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்க்கா’ என்று தொடங்கும் பெயர்களில் பல காய்கனி இரகங்களை உழவர்களுக்கு அளித்துள்ளது. தேவனஹள்ளியின் பம்பளிமாசு, பெங்களூரு நீலத் திராட்சை, சிறிய ரோஜா வெங்காயம் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு நகரைச் சுற்றியே இத்தனை செல்வங்கள்! ஆயினும் அந்நகரில் வாழும் பலரும் ஆண்டு முழுவதும் உருளை, வெங்காயம், தக்காளி என்னும் மூன்றைச் சுற்றியே வலம் வருகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

பெங்களூருவின் தென்பகுதியில் பனசங்கரி அம்மன் ஆலயம் உண்டு. வடகர்நாடகத்துப் பாதாமிக்கு அருகிலுள்ள பனசங்கரியே இவ்வம்மனின் மூலத்தலம். தேவி மாஹாத்மியம் கூறும் சாகம்பரியாக அங்கே அன்னையை வழிபடுகின்றனர். மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்த காலத்தில், தன் திருமேனியிலிருந்தே காய்கறிகளைத் தோற்றுவித்து உலகைக் காத்தவள் என்பது சாகம்பரியின் வரலாறு. பாதாமியில் தை மாதப் பௌர்ணமியை ஒட்டி நிகழும் பெருவிழாவிற்கு முன்பாக ‘பல்யத ஹப்பா’ என்னும் காய்கறித் திருநாள் வருகிறது. அன்று நூற்றெட்டு வகைக் காய்கறிப் பதார்த்தங்கள் அன்னைக்குப் படைக்கப்படுகின்றன. பஞ்சத்தைத் தீர்க்க வந்த அன்னை நெற்குவியலாக வராமல் காய்கறியாக வந்தாள் என்பதை ஊட்டச்சத்து அறிஞர் எவரும் எண்ணி மகிழலாம்.

அவ்விழாவின் காலமும் கருதத்தக்கது. பனிக்காலத்தில்தான் கர்நாடகத்தின் தென்பகுதியில் ‘அவரேகாயி’ எனப்படும் மொச்சை காய்த்துக் குலுங்குகிறது. மார்கழி, தை மாதங்களில் பெங்களூருவின் தெருவோரங்களில் அது மலையாகக் குவியும். பசிய மொச்சையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் குழம்பு இல்லந்தோறும் மணக்கும். விசுவேசுவரபுரத்தின் உணவுத் தெருவில் இதற்கென ஒரு மேளாவே பல ஆண்டுகள் நடைபெற்றது. இரு மாதங்கள் கழிந்தால் மொச்சை மறைந்துவிடும். அதன் இடத்தில் மாங்காயும் பலாவும் வரும். பருவத்தின் போக்கில் உண்பவருக்குப் பன்மை தானாகவே வந்துசேர்கிறது. பட்டியல் எழுத வேண்டியதில்லை. சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதை வாங்கினால் போதும்.

கலந்த கீரை, வடித்த நீர்

கர்நாடக இல்லங்களின் மூன்று வழக்கங்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

முதலாவது ‘பெரகெ சொப்பு’. கோலார், பெங்களூரு சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் மழைக்குப் பின் கேழ்வரகுக் கொல்லைகளிலும் வரப்புகளிலும் தானாக முளைக்கும் பலவகைக் கீரைகளைப் பெண்கள் கிள்ளிச் சேர்த்து ஒன்றாகச் சமைப்பர். பெரகெ என்றால் கலப்பு. தமிழகத்துக் கிராமங்களில் ‘கலவைக்கீரை’ என்று நாம் அறிந்ததும் இதுவே. விதைக்காமல், விலை கொடுக்காமல், ஒரே சட்டியில் பலவிதக் கீரை! எது உண்ணத்தக்கது, எது ஆகாது என்பதைப் பாட்டி பேத்திக்குக் கையோடு அழைத்துச் சென்று கற்பித்தாள். அவ்வறிவு தேர்ந்த பெரியோர் துணையின்றிக் காட்டுக் கீரையைப் பறித்துண்பது ஆபத்து. நகரவாசிகள் கடைக் கீரைகளிலேயே இரண்டு மூன்றைக் கலந்து சமைக்கலாம்.

பெங்களூருவில் குடியேறிய தமிழன்பர்கள் பலர் பெயர் தெரியாமையால் நல்ல கீரைகளைக் கடந்துபோகின்றனர். அவர்களுக்காகச் சொல்கிறோம்: ஹொன்னகொன்னே என்பது நம் பொன்னாங்கண்ணி. கனிகே என்பது மணத்தக்காளி. ஒந்தெலக என்பது வல்லாரை. நுக்கே முருங்கை, மெந்த்ய வெந்தயக்கீரை, பசளே கொடிப்பசலை, தண்டு என்று கேட்டால் நம் தண்டுக்கீரையே கிடைக்கும். நறுமணம் வீசும் சப்பசிகே, நாம் விதையாக மட்டும் மருந்துக்கடையில் அறிந்த சதகுப்பையின் இலை.

இரண்டாவது ‘பஸ்ஸாரு’. கீரையையும் பருப்பையும் அல்லது பயறையும் நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிடுவர். அந்நீரில் வறுத்தரைத்த மசாலையும் புளியும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சாறு ஆயிற்று. வடித்தெடுத்த கீரையும் பருப்பும் தாளிக்கப்பட்டுப் பொரியல் ஆயிற்று. கேழ்வரகுக் களியுடன் இரண்டையும் உண்பர். இதன் அருமை யாது? போலிக் அமிலமும் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் நீரில் கரைபவை. கீரை வேகும்போது அவற்றில் ஒரு பகுதி நீருக்குள் இறங்கிவிடுகிறது. அந்நீரைக் கொட்டிவிடுகிற வீட்டில் சாக்கடை சத்துப் பெறுகிறது! பஸ்ஸாரு சமைப்பவள் வேதியியல் படித்தவள் அல்லள். எனினும் இறங்கிய சத்தைத் தட்டிற்கே திரும்பக் கொண்டுவருகிறாள். உடன் உண்ணும் கேழ்வரகோ நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உடையது. அரிசியில் அது மிகச் சொற்பம்.

மூன்றாவது கோசம்பரி. நாம் இராமநவமியன்று பானகத்துடன் நிவேதிக்கும் கோசுமல்லியே அது. ஊறவைத்த பாசிப்பருப்பு, துருவிய வெள்ளரி அல்லது காரட், தேங்காய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. ஆனால் அதே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் ஏற்கும் அளவு உயர்கிறது. பருப்பின் இரும்பிற்கு எலுமிச்சை துணைவருகிறது. சமைக்காததால் அதன் வைட்டமின் சி-யும் அழிவதில்லை. நேர்மாறாக, உணவோடு காப்பியோ தேநீரோ பருகினால் அவற்றிலுள்ள பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலுக்குச் சேரவிடாமல் தடுக்கின்றன. உணவிற்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். பெங்களூருவாசிகளுக்கும் தஞ்சாவூர்க்காரர்களுக்கும் இது கடினமான தவம் என்பதை அறிவோம்.

இவ்விடத்தில் ஏகாதசி விரதம் இருப்போரின் துவாதசிப் பாரணையையும் நினைவுகூரலாம். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் மூன்றும் அன்று இடம்பெறுகின்றன. அகத்தி சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டினும் மிக்கது. நெல்லி வைட்டமின் சி-யின் களஞ்சியம். கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகவே கீரையில் சிறிது நெய்யோ தேங்காயோ சேர்ப்பது பொருத்தமே. பாரணைக்காக மாதம் இருமுறை வாங்கும் இவற்றை மற்ற நாட்களிலும் வாங்கினால் விரதத்திற்குக் குறை ஏதும் வந்துவிடாது.

மாத்திரை போதாதா?

“இத்தனை காய்களை நறுக்குவதற்குப் பதில் ஒரு வைட்டமின் மாத்திரையை விழுங்கினால் என்ன?” என்று இளைஞர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது, விஞ்ஞானிகளும் இதைக் கேட்டனர். மஞ்சள், பச்சைக் காய்கனிகளை மிகுதியாக உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்டு, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,133 ஆண்களிடம் நடைபெற்ற சோதனையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. மாத்திரை பெற்றோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடைபெற்ற இத்தகைய இன்னொரு சோதனை, இதே காரணத்தால் 1996-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

முழுக் காய்கனியை உண்ணச் செய்த சோதனையின் முடிவோ வேறு. 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 459 பேர் எட்டு வாரங்கள் பங்கேற்றனர். காய்கனிகளை மட்டும் மிகுதியாக்கியபோதே இரத்த அழுத்தம் இறங்கியது. அவற்றுடன் கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் சேர்த்து, மற்றக் கொழுப்பையும் குறைத்தபோது மேல் அளவு சராசரியாக 5.5 புள்ளி இறங்கியது. முன்பே இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். காயில் உள்ளவை ஒன்றா இரண்டா? நார்ச்சத்து, பொட்டாசியம், நிறப்பொருள்கள் எனப் பல கூடி வேலை செய்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, இதுவே காய் என்று கொள்வது, வீணையின் ஒரு நரம்பை அறுத்தெடுத்துவந்து இதுவே இசை என்பதைப் போன்றது. மருத்துவர் குறைபாட்டிற்காகத் தரும் மாத்திரை வேறு, அதனை நிறுத்தலாகாது.

இங்கே சைவ உணவினர் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை வகைக் காய்கனி உண்டாலும் வைட்டமின் பி12 அவற்றிலிருந்து கிடைக்காது. பால், தயிர், மோர் ஆகியவற்றை நாள்தோறும் கொள்வது அவசியம். அவற்றையும் துறந்தோர் மருத்துவரிடம் கேட்டு அதற்கான மாத்திரையைப் பெற வேண்டும்.

எவ்வளவு உண்பது?

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குக் காயும் கனியும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளை போன்ற மாவுக் கிழங்குகளை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் கீரை உட்படக் காய்கறி 400 கிராம், கனி 100 கிராம்; தானியம் 250 கிராம் போதும் என்கிறது. அதாவது சமைப்பதற்கு முன் நிறுத்தால், அரிசியையும் கோதுமையையும் விடக் காய்கறியின் எடை மிகுதி!

நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது நாளொன்றுக்கு 1.6 கிலோ காய்கறி. வாரத்திற்குச் சற்றேறக்குறைய 11 கிலோ. இவ்வாரம் சந்தையிலிருந்து வந்த பையை நிறுத்துப் பாருங்கள். உருளையையும் வெங்காயத்தையும் தனியே எடுத்துவிட்டு நிறுங்கள். பெரும்பாலான வீடுகளில் இக்கணக்கிற்கும் பைக்கும் இடையே பெரிய பள்ளம் தென்படும். ஒரே நாளில் அதை நிரப்ப முயல வேண்டாம். சாம்பாரில் நான்கு துண்டு மிதப்பதற்குப் பதில் நாற்பது துண்டு இருக்கட்டும். பொரியல் ஒரு கரண்டி என்பது மூன்று கரண்டி ஆகட்டும். சோறு அதற்கேற்பக் குறையட்டும். செலவு கூடாதா என்றால், பருவத்துக் காயும் கீரைக்கட்டும் வாங்குவோருக்கு அவ்வளவு கூடாது. பொட்டலத்தில் அடைத்த நொறுக்குத்தீனிக்குச் செல்லும் பணத்தையும் கணக்கில் எடுத்தால் மிஞ்சவும் கூடும்.

வகையைத் தேர்வதற்கு நிறம் நல்ல வழிகாட்டி. கரும்பச்சைக் கீரை நாள்தோறும் வேண்டும். பரங்கி, காரட், பப்பாளி, மாம்பழம் போன்ற மஞ்சளும் செம்மஞ்சளும் கரோட்டின் தரும். தக்காளி, தர்ப்பூசணியின் சிவப்பு ஒரு பொருள். நாவல், நீலத் திராட்சை, கத்தரித் தோலின் ஊதா வேறொரு பொருள். நிறமற்றவை பயனற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. வாழைத்தண்டும் வெண்பூசணியும் முள்ளங்கியும் தத்தம் பங்கைச் செய்கின்றன.

கனிகளில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. நோயாளியைப் பார்க்கச் செல்வோர் ஆப்பிளை வாங்கிச் செல்கின்றனர். கொய்யாவை வாங்கிச் செல்வது கௌரவக் குறைவாகத் தோன்றுகிறது. நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி ஏறத்தாழ 200 மில்லிகிராம். ஆப்பிளில் ஐந்தைக்கூட எட்டுவதில்லை. ஆப்பிளும் நல்ல கனியே. அதன் மதிப்பு விலையால் உயர்ந்தது, அவ்வளவுதான். பம்பளிமாசையோ நகரத்துக் குழந்தைகள் பலர் கண்டதே இல்லை. 2008-இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் வந்தபின் நிலத்தின் விலை ஏற, அதன் தோப்புகள் சுருங்கிவிட்டன. யாரும் வாங்காத கனியை எந்த உழவரும் காப்பாற்ற இயலாது.

கனியைக் கனியாகவே உண்ண வேண்டும். பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரை மிஞ்சுகிறது. மூன்று ஆரஞ்சுப் பழங்களை மென்று உண்ணச் சலிப்பவர் அவற்றின் சாற்றை ஒரே மூச்சில் பருகிவிடுகிறார். நீரிழிவுள்ளோர் இதில் பெரிதும் விழிப்பாயிருக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

இயற்கையானது யாவும் எல்லோருக்கும் ஏற்றது என்பது பிழையான நம்பிக்கை. சிறுநீரகம் பழுதுற்றோருக்குப் பொட்டாசியம் சேர்வது இதயத்திற்கே கேடாகலாம். அவர்கள் இளநீர், வாழைப்பழம், கீரை முதலியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் மாத்திரை உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கசக்கும் சுரைக்காயின் சாறு நஞ்சாகும். 2010-இல் தில்லியில் அதனைப் பருகிய ஒருவர் உயிரிழந்தார். சுரைக்காயை நறுக்கியதும் நுனிநாக்கில் ஒரு சிறு துண்டைச் சுவைத்து, கசந்தால் எறிந்துவிட வேண்டும். உடலுக்கு நல்லது என்று கசப்பைப் பொறுத்துக்கொண்டு பருகுவது தவம் ஆகாது.

நகரத்துக் கீரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்து செல்லும் விருஷபாவதி ஆறு பைரமங்கல ஏரியில் கலக்கிறது. அந்நீரால் பாசனம் பெறும் வயல்களும் உள்ளன. பல நகரங்களின் நிலை இதுவே. கீரையை நறுக்குவதற்கு முன் மூன்று நான்கு முறை நல்ல நீரில் அலசினால் மண்ணும் கிருமியும் பெரிதும் நீங்கும். ஆனால் வேர் வழியே ஏறிய உலோகம் அலசலால் போகாது. ஆகவே ஒரே இடத்துக் கீரையை, ஒரே வகையாக, நாள்தோறும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவது இவ்வகையிலும் பாதுகாப்பு. மொட்டைமாடியில் நான்கு தொட்டிகளில் வெந்தயமும் தண்டுக்கீரையும் தூவினால் ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம்.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூவகையாகப் பிரிக்கிறது. சாத்துவிக உணவைப் பேசுமிடத்தில் ஒரு காயின் பெயரோ கனியின் பெயரோ அங்கே இல்லை என்பதை அன்பர்கள் கவனித்திருப்பர். ஆயுளையும் தெளிவையும் வலிவையும் நோயின்மையையும் வளர்ப்பது எது என்றே அது கேட்கிறது. இன்ன காய்தான் சாத்துவிகம், இன்ன காய் கூடாது என்று நீண்ட பட்டியல் வைத்திருப்போர், அப்பட்டியலின் இறுதியில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். விலக்குபவை விலக்கப்படட்டும், விலக்கத் தேவையில்லாதவை வெறும் பழக்கமின்மையால் விலகியிருக்க வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லி முடிப்போம். ஆறு மாதம் நிறைந்தபின் தாய்ப்பாலுடன் மசித்த பரங்கி, காரட், கீரை, வாழைப்பழம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யலாம். பிள்ளை முகம் சுளித்துத் துப்பினால், “இதற்குப் பாகற்காய் ஆகாது” என்று தாயும் பாட்டியும் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். புதிய சுவை ஒன்றைக் குழந்தை ஏற்பதற்கு எட்டு முதல் பதினைந்து முறை வரை அதனைச் சுவைக்கக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று இத்துறை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். வற்புறுத்தாமல், கடிந்துகொள்ளாமல், பரிசு தருவதாக ஆசை காட்டாமல், ஒரு சிறு கரண்டி அளவு மட்டும் சில நாள் இடைவெளியில் மீண்டும் வையுங்கள். தந்தையின் தட்டிலும் அதே காய் இருக்க வேண்டும். அவர் அதை ஒதுக்கிவைத்தால் பிள்ளையும் ஒதுக்கும்.